வலியை வரவழைப்பதா, சிசேரியனா?

யாக்கோபின் குடும்பம் பெத்தேலை விட்டுப் புறப்பட்டு எப்பிராத்தாவுக்குப் போய்க்கொண்டிருந்தபோது, வழியிலேயே ராகேலுக்குப் பிரசவ வேதனை கண்டது. பிரசவம் கடினமாயிருந்தது. மருத்துவிச்சி அருகிலிருந்தாள், தைரியமும் சொன்னாள். பிள்ளை பிழைத்தது, தாய் பிழைக்கவில்லை. ஆதியாகமம் 35ஆம் அதிகாரத்தில் உள்ள இந்தப் பகுதியை ஆலயத்தில் வாசிக்கும்போது பென்யமீனின் பெயரை நாம் நினைவில் வைத்துக்கொள்கிறோம். ஊர் விட்டு ஊர் போகும் ஒரு குடும்பத்தில், பாதி வழியில் பிரசவிக்க நேர்ந்த பெண்ணாக ராகேலை அதிகம் நினைப்பதில்லை.

ஊவா மாகாணத்தில் வாழும் நமக்கு இது தூரத்துக் கதை அல்ல. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் லயங்களை மண் மூடியது. உயிர் தப்பிய குடும்பங்கள் பாடசாலைகளிலும், பின்னர் தேயிலைத் தொழிற்சாலைக் கட்டடத்திலும் நெடுநாள் தங்கின. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது பதுளை மாவட்டத்தின் பல இடங்களில் மலை சரிந்தது, வீதிகள் துண்டிக்கப்பட்டன, மரக்கறித் தோட்டங்களும் வீடுகளும் ஒன்றாகப் போயின. இப்படி இடம்பெயர்ந்த ஒவ்வொரு கூட்டத்திலும் கர்ப்பிணித் தாய்மார் இருந்தார்கள். காணியும் கூரையும் எப்போது கிடைக்கும் என்பதற்குத் தவணை சொல்லலாம். வயிற்றிலுள்ள பிள்ளைக்குத் தவணை சொல்ல முடியாது.

இந்தப் பாடத்தில் நாம் எடுத்துக்கொள்வது ஒரேயொரு விடயம். பிரசவ நாள் கடந்தோ, வேறு காரணத்தாலோ, "இனிக் காத்திருக்க முடியாது" என்று டொக்டர் சொல்லும்போது, மருந்தாலும் வேறு முறைகளாலும் வலியை வரவழைப்பதா, அல்லது சிசேரியன் செய்வதா என்ற தீர்மானம். தாய்மார் சங்கக் கூட்டங்களில் இரண்டு விதமான பேச்சுகளை நாங்கள் கேட்டிருக்கிறோம். "ஊசி போட்டு வலிய வரவச்சா உசுரு போற மாதிரி இருக்குமாம், கடைசியில எப்படியும் சீசர்தானாம், அதுக்கு மொதல்லயே வெட்டி எடுத்தா என்ன?" என்பது ஒன்று. "சீசர் பண்ணினா அப்புறம் கொழுந்துக் கூடை தூக்க முடியாது, எதுவும் வேணாம், வலி தானா வரட்டும்" என்பது மற்றது. இரண்டிலும் சிறிது உண்மை உண்டு. ஆனால் இந்தப் பேச்சை நம்பி வீட்டிலேயே நாளைக் கடத்துவதுதான் ஆபத்து.

ஏன் காத்திருக்க முடியாது?

முதலில் கேட்க வேண்டிய கேள்வி, ஊசியா கத்தியா என்பதல்ல. பிள்ளை இப்போதே பிறக்க வேண்டியது ஏன் என்பதே.

கருவில் பிள்ளைக்கு உணவும் ஒட்சிசனும் கொடுப்பது நச்சுக்கொடி. அதற்கும் ஓர் ஆயுள் உண்டு. நாற்பது வாரம் கடந்து நாற்பத்தோராவது வாரமும் முடிந்தால், சில தாய்மாரில் நச்சுக்கொடி மெல்லச் சோர்வடைகிறது. வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. தாய் வேலை செய்வாள், சாப்பிடுவாள், சிரிப்பாள். சுவீடன் நாட்டில் இதைப் பற்றி நடந்த பெரிய ஆய்வு ஒன்று 2019 இல் வெளியானது. 41 வாரத்தில் வலியை வரவழைத்த தாய்மாரையும், 42 வாரம் வரை காத்திருந்த தாய்மாரையும் அதில் ஒப்பிட்டார்கள். காத்திருந்தவர்களின் பக்கத்தில் ஆறு சிசுக்கள் இறந்தன, மற்றப் பக்கத்தில் ஒன்றும் இல்லை. எனவே ஆய்வை இடையிலேயே நிறுத்திவிட்டார்கள். எல்லா வசதியும் உள்ள நாட்டில் நடந்தது இது. 41 வாரம் பூர்த்தியானால் வலியை வரவழைக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனமும் பரிந்துரைத்துள்ளது.

நாள் கடப்பதைத் தவிர வேறு காரணங்களும் உண்டு. பிரஷர் ஏறி, சிறுநீரில் புரதம் போய், தலையிடியும் கண் மங்கலும் வந்தால், பிள்ளை பிறப்பதே அந்த நோய்க்கு மருந்து. பன்னீர்க்குடம் உடைந்து, வலி வராமல் மணிக்கணக்காகிவிட்டால் கிருமி உள்ளே ஏறும். கர்ப்பகாலச் சீனி நோய், வயிற்றில் பிள்ளை வளராமல் நிற்பது ஆகியவையும் இவ்வகையே. பிள்ளையின் அசைவு குறைந்துவிட்டதாகத் தாய்க்குப் பட்டால், அது "நாளைக்குப் பார்ப்போம்" என்று விடக்கூடிய விடயமல்ல. அன்றைக்கே, அந்த மணித்தியாலமே போக வேண்டும்.

நாட்கணக்கு சரியாக இருந்தால்தான் இவையெல்லாம் பொருந்தும். இடம்பெயர்ந்த குடும்பங்களில் நாங்கள் அதிகம் கண்ட சிக்கல் இதுதான். கர்ப்பிணிப் பதிவட்டை மண்ணோடு போய்விட்டது, முதல் மூன்று மாதத்தில் எடுத்த ஸ்கேன் துண்டும் போய்விட்டது, கடைசி மாதவிடாய்த் திகதி நினைவில் இல்லை. ஆனால் உங்கள் பகுதிக் குடும்பநல மருத்துவிச்சியிடமும் ஒரு பதிவேடு உண்டு. முகாமிலிருந்தாலும் உறவினர் வீட்டிலிருந்தாலும், பழைய பகுதியின் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையைக் கேட்டுத் திகதியைத் திரும்பப் பெறலாம். முதல் ஸ்கேனில் கணித்த நாள், ஒன்பதாம் மாதத்தில் எடுக்கும் ஸ்கேனை விட நம்பகமானது. பின்னைய ஸ்கேனில் பிள்ளை சிறிதாகத் தெரிந்தால், நாள் குறைவா, பிள்ளை மெலிவா என்று பிரித்தறிவது டொக்டர்களுக்கே கடினம்.

வலியை வரவழைப்பது எப்படி?

தோட்டத்தில் இதை "ஊசி போடுறது" என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறார்கள். உண்மையில் அது பல படிகள் கொண்ட வேலை. ஊசி கடைசிப் படிகளில் ஒன்று.

முதலில் உள்பரிசோதனை செய்து கருப்பைக் கழுத்தைப் பார்ப்பார்கள். அது பழம்போல் மென்மையாகி, குறுகி, சற்றுத் திறந்திருக்கிறதா, பிள்ளையின் தலை எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று புள்ளி போடுவார்கள். 1964 இல் பிஷப் என்ற அமெரிக்க மருத்துவர் வகுத்த கணக்கு இது. இன்றும் நம் வைத்தியசாலைகளில் "பிஷப் ஸ்கோர்" என்றே சொல்கிறார்கள். புள்ளி கூடுதலாக இருந்தால் வலி எளிதில் வரும். புள்ளி குறைவென்றால் கழுத்தை முதலில் பதப்படுத்த வேண்டும். காய் முற்றாமல் பறிக்க முடியாது என்பது விவசாயிகளான நமக்குத் தெரியாததா?

பதப்படுத்துவதற்கு நம் நாட்டில் பெரும்பாலும் கையாளப்படுவது ஃபோலி குழாய். சிறுநீர் போக்க வைக்கும் அதே மெல்லிய இறப்பர்க் குழாய்தான். அதன் நுனியிலுள்ள சிறு பலூன் கழுத்தின் உட்புறத்தில் இருக்கும்படி வைத்து, அதில் நீரை நிரப்புவார்கள். பலூன் மெல்ல அழுத்த அழுத்தக் கழுத்து திறக்கும். ஓர் இரவு அப்படியே இருக்கலாம், எழுந்து நடக்கலாம். இதற்குப் பதிலாகவோ இதன் பின்னரோ, உள்ளே வைக்கும் மருந்துகளும் உண்டு. பிறகு பன்னீர்க்குடத்தை உடைத்து, ஒக்சிடோசின் மருந்தைச் சேலைனில் கலந்து துளித்துளியாக ஏற்றுவார்கள். பிரசவத்தின்போது தாயின் உடலே சுரக்கும் பொருள் இது. அமெரிக்காவில் டு விக்னோ என்பவர் 1953 இல் இதைச் செயற்கையாகச் செய்து காட்டி, 1955 இல் நோபல் பரிசு பெற்றார்.

இந்தத் துளிமருந்துக்குக் காவல் வேண்டும். பத்து நிமிடத்தில் ஐந்து தடவைக்கு மேல் கருப்பை இறுகினால் பிள்ளைக்கு மூச்சுத் திணறும், மருந்தைக் குறைக்க வேண்டும் அல்லது நிறுத்த வேண்டும். பிள்ளையின் இதயத் துடிப்பை அடிக்கடி பார்க்க வேண்டும். எனவேதான் சத்திரசிகிச்சைக் கூடம் உள்ள இடத்தில் மட்டுமே இதைச் செய்வார்கள். வலி வரட்டும் என்று வெளியில் யாராவது ஊசி போட முன்வந்தால் ஏற்க வேண்டாம். பாட்டிமார் கொடுக்கும் ஆமணக்கெண்ணெயும் வேண்டாம். வாந்தியும் வயிற்றோட்டமும் தாயைத் தளர்த்திவிடும், வலி வராமலும் போகலாம்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். முதல் பிரசவமென்றால், கழுத்து பதப்படவே ஒரு நாள் செல்லலாம், பிரசவம் முடிய இரண்டு நாளும் செல்லலாம். பக்கத்துக் கட்டில் தாய் நேற்று வந்து இன்று பிள்ளையோடு போய்விடுவாள், நம் மகள் இன்னும் படுத்திருப்பாள். வாசலில் நிற்கும் குடும்பத்தினர், "ஒண்ணும் பண்றாங்க இல்ல" என்று கோபப்படுவது இந்தக் கட்டத்தில்தான். காத்திருப்பும் சிகிச்சையின் ஒரு பகுதி என்று யாராவது முன்கூட்டியே சொல்லியிருந்தால் பல சண்டைகள் நடந்திராது.

"எப்படியும் சீசர்தான்" என்ற பேச்சுக்கு வருவோம். 2018 இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், முதற்பிள்ளை சுமந்த, வேறு நோயில்லாத ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட தாய்மார் பங்குபற்றினர். 39 வாரத்தில் வலியை வரவழைத்தவர்களில் 100 பேருக்கு ஏறத்தாழ 19 பேருக்கே சிசேரியன் தேவைப்பட்டது. காத்திருந்தவர்களில் அது 22 பேர். அதாவது வலியை வரவழைத்ததால் சிசேரியன் கூடவில்லை, சற்றுக் குறைந்தது. இதைக் கொண்டு எல்லோரும் 39 வாரத்தில் போய்ப் படுக்க வேண்டும் என்று நாங்கள் சொல்லவில்லை. அங்கே ஒரு தாய்க்கு ஒரு தாதி நிற்பாள், இங்கே நிலைமை வேறு. ஆனால் நமக்கு நெருங்கிய சாட்சியும் உண்டு. இந்தியாவில் நாக்பூர் நகரின் அரசாங்க வைத்தியசாலைகளில் பிரஷர் உள்ள 602 தாய்மாரை வைத்து நடந்த ஆய்வு 2017 இல் வெளிவந்தது. குறைந்த அளவில் வாயால் விழுங்கும் மிசோபுரொஸ்டோல் மாத்திரையையும் ஃபோலி குழாயையும் அதில் ஒப்பிட்டார்கள். மாத்திரை எடுத்தவர்களில் 100 க்கு 57 பேரும், குழாய் வைத்தவர்களில் 47 பேரும் ஒரு நாளுக்குள் இயல்பாகப் பிரசவித்தனர். ஏழைப் பெண்கள், நெரிசலான வாட்டுகள், அதுவும் பிரஷர் நோயோடு. அப்படியிருந்தும் பாதிப் பேர் அளவில் ஒரே நாளில் கத்தியின்றிப் பெற்றார்கள்.

சிசேரியன் எப்போது?

சில நிலைமைகளில் தெரிவே கிடையாது. நச்சுக்கொடி கருப்பையின் வாயை மூடிக் கீழே அமைந்திருந்தால், பிள்ளை குறுக்காகக் கிடந்தால், கொடி பிள்ளைக்கு முன்னே நழுவி வந்தால், பிள்ளையின் துடிப்பு வீழ்ந்துகொண்டே போனால், அங்கே வாதம் செய்வது பிள்ளையை இழப்பதற்குச் சமம். "அவரு வரட்டும், கேட்டுச் சொல்றேன்" என்று தாயையும் டொக்டரையும் காக்க வைக்கும் வழக்கம் நம்மிடையே இன்னும் இருக்கிறது. தந்தைமாரே, உங்கள் மனைவியின் உடலுக்கு அவரே கையெழுத்திடலாம். அவசர வேளையில் உங்களைத் தேடி மலையேறி ஆள் வரும்வரை கடிகாரம் நிற்காது.

2016 இல் நடந்த நாடளாவிய சுகாதார அளவீட்டின்படி இலங்கையில் ஏறத்தாழ மூன்று பிரசவத்தில் ஒன்று சிசேரியன். இத்தனையும் தேவைதானா என்று மருத்துவர்களே கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். எனினும் அதன் பெயரால் தேவையான ஒரு தாய்க்குப் பயமூட்டக் கூடாது. முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்து, ஒரு மணித்தியாலத்துக்குள் முடியும் சத்திரசிகிச்சை அது. அந்த ஒரு மணித்தியாலத்தைப் பற்றி எங்களுக்குக் கவலை குறைவு. அதற்குப் பின்வரும் நாட்களைப் பற்றியே அதிகம்.

இரத்தம் இயல்பான பிரசவத்தை விடக் கூடுதலாகப் போகும். நம் தாய்மாரில் பலருக்கு முன்பே இரத்தச்சோகை. கிளினிக்கில் கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரையைச் சாப்பிட்ட கையோடு பிளேன்டீ குடிப்பதும் ஒரு காரணம். தேயிலைச் சாயம் அந்தச் சத்தை உடலில் சேரவிடாது. தேயிலையைப் பறிக்கும் கைகளுக்கு அதை ஒரு மணித்தியாலம் தள்ளிக் குடியுங்கள் என்று சொல்வது எங்களுக்கே சங்கடமாக இருந்தாலும், சொல்லத்தான் வேண்டும். அடுத்தது காயம். ஆறு வாரத்துக்குப் பாரம் தூக்கக் கூடாது என்று வைத்தியசாலையில் சொல்லி அனுப்புவார்கள். பீலித் தண்ணீர் பள்ளத்தில் இருக்கிறது, வீடு மேட்டில் இருக்கிறது, விறகு அதைவிட மேலே இருக்கிறது. பொதுக் கழிப்பறையுள்ள முகாமில் காயத்தைச் சுத்தமாக வைத்திருப்பது எப்படி? சிசேரியன் என்று முன்கூட்டியே தெரிந்தால், தண்ணீர் சுமக்க யார், விறகு யார், மூத்த பிள்ளைகளைப் பார்ப்பது யார் என்று சங்கத்தில் பெயர் குறித்துக்கொள்ள வேண்டும். 1939ஆம் ஆண்டின் பிரசவ நன்மைகள் சட்டம் தோட்டத் தொழிலாளிக்கும் உரியது. மூன்றாவது பிள்ளைக்கு லீவு குறைவு என்ற பழைய பாகுபாடு 2018ஆம் ஆண்டுத் திருத்தத்தோடு நீங்கிவிட்டது. எத்தனையாவது பிள்ளையானாலும் பன்னிரண்டு வாரம்.

வயிற்றுத் தையல் ஆறிவிடும். கருப்பையில் விழுந்த தழும்பு அடுத்த பிள்ளைக்கும் இருக்கும். அடுத்த கர்ப்பத்தில் நச்சுக்கொடி அந்தத் தழும்பின் மேல் பற்றிக்கொள்ளலாம், சதைக்குள் வேர்விடவும் கூடும். அமெரிக்காவில் முப்பதாயிரம் பேரின் பதிவுகளைக் கொண்டு 2006 இல் வெளியான ஆய்வின்படி, நச்சுக்கொடி கீழே அமைந்த தாய்மாரில், இரண்டாவது சிசேரியனுக்கு வந்தவர்களில் 100 க்கு 11 பேருக்கும், மூன்றாவதுக்கு வந்தவர்களில் 40 பேருக்கும் இப்படி வேர்விட்டிருந்தது. அத்தகைய பிரசவத்தில் இரத்தம் வெள்ளமாய்ப் போகும், கருப்பையையே எடுக்க நேரிடலாம். ஆகவே இன்னும் பிள்ளை வேண்டும் என்று எண்ணும் இளந்தாய்க்கு, மருத்துவக் காரணமில்லாமல் "வலிக்குப் பயந்து" செய்யும் முதல் சிசேரியன் மலிவான வழி அல்ல. அதன் விலை பிறகு வரும்.

முன்பு சிசேரியன் செய்த தாய்

ஒரு முறை சிசேரியன் என்றால் எப்போதும் சிசேரியன் என்ற பழைய விதி இன்று இல்லை. கருப்பையின் கீழ்ப்பகுதியில் குறுக்காக வெட்டிய ஒரே தழும்பு, முதல் முறை செய்த காரணம் இம்முறை இல்லை, அருகில் சத்திரசிகிச்சைக் கூடம் என்றால், நான்கு பேரில் மூன்று பேர் அளவில் இயல்பாகப் பிரசவிக்க முடிகிறது. ஆபத்து, தழும்பு பிரிவது. வலி தானாக வந்தால் ஏறத்தாழ 200 பேரில் ஒருவருக்கு அது நேர்கிறது. மருந்தால் வலியை வரவழைத்தால் இரண்டு மூன்று மடங்காகும். ஆகவே இவர்களுக்கு வலி வரவழைப்பதில் டொக்டர்கள் தயங்குவது நியாயமே.

2025 டிசம்பரில் ஒரு பாடசாலை முகாமில் எமது குழுவினர் இப்படியொரு தாயைச் சந்தித்தார்கள். இரண்டாவது பிள்ளை, எட்டு மாதம். மூத்தது சிசேரியன். ஏன் செய்தார்கள் என்று கேட்டோம். "தெரியாதுங்க. துண்டுல கையெழுத்து வாங்கினாங்க, எல்லாம் சிங்களத்துல. தையல் போட்டது மட்டும்தான் தெரியும்" என்றார். வீட்டுக்கு அனுப்பும்போது கொடுத்த அட்டை வீட்டோடு புதைந்துவிட்டது. வெளியில் தெரியும் தழும்பை வைத்து உள்ளே எப்படி வெட்டினார்கள் என்று சொல்ல முடியாது. குடும்பநல மருத்துவிச்சி இரண்டு தடவை அலைந்து, பழைய கிளினிக் இலக்கத்தைக் கண்டுபிடித்து, வைத்தியசாலைப் பதிவைத் தேடியெடுத்தார். முதற்பிள்ளை தலைமேலாக இருந்ததால் செய்த சிசேரியன், கீழ்ப்பகுதி வெட்டு. இம்முறை பிள்ளையின் தலை கீழே. இயல்பான பிரசவத்துக்கு முயன்று பார்க்கலாம் என்று டொக்டர் சொன்னார். எங்களுக்கு மகிழ்ச்சி. மூன்றாவது பிள்ளைக்கும் நல்லது என்று எடுத்துச் சொன்னோம்.

அந்தத் தாய் சம்மதிக்கவில்லை. "நீங்க சொல்றது சரிதான் அக்கா. ஆனா மழை வந்தா இந்த ரோடு மறுபடி மூடும். ராத்திரி வலி வந்து, ரோடு மூடிக் கிடந்தா நான் எங்க போவேன்? நாளைக் குறிச்சுக் குடுத்தா வெயில் நாள்ல போயிருவேன்." அவர் கணக்கு சரியானது என்பதை நாங்கள் ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. தழும்புள்ள கருப்பையோடு வலி கண்டு வழியில் அகப்படுவதுதான் எல்லாவற்றிலும் பெரிய ஆபத்து. டொக்டரும் அதைக் கேட்டு, 39 வாரம் முடிந்ததும் திகதி கொடுத்தார். அதற்கு முன் செய்தால் பிள்ளைக்கு மூச்சுத் தொல்லை வரலாம். நேரத்தோடு போய் வாட்டில் தங்கியிருந்து வலிக்காகக் காத்திருக்கலாமே என்று நாங்கள் யோசித்ததுண்டு. மூத்த பிள்ளையை முகாமில் யாரிடம் விட்டுவிட்டு வாரக்கணக்கில் தங்குவது என்று அவர் திருப்பிக் கேட்டார். எங்களிடம் பதில் இருக்கவில்லை.

தூரமும் மொழியும்

பதுளை போதனா வைத்தியசாலை, தியத்தலாவை, மஹியங்கனை ஆதார வைத்தியசாலைகள், மொனராகலை மாவட்டப் பொது வைத்தியசாலை போன்ற இடங்களில் மகப்பேற்று நிபுணரும் சத்திரசிகிச்சை வசதியும் உண்டு. தோட்ட மருந்தகத்திலோ சிறிய பிரதேச வைத்தியசாலையிலோ இந்தத் தீர்மானத்தை எடுக்க முடியாது; அங்கிருந்து துண்டு எழுதி அனுப்பத்தான் முடியும். 2016 இல் தொடங்கி இப்போது நாடு முழுவதும் ஓடும் சுவசெரிய அம்புலன்சுக்கு 1990 என்ற இலக்கத்தை அழைக்கலாம், கட்டணமில்லை. ஆனால் லயத்துக்குப் போகும் கல்ரோட்டில் எதுவரை அது ஏறும் என்பதை இன்றைக்கே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் தாயைத் தூக்கி வர நாலு பேரின் பெயரும் வேண்டும்.

டொக்டர் சிங்களத்தில் விளக்கும்போது தலையாட்டுவது நம் பழக்கம். புரியவில்லை என்று சொல்வது மரியாதைக் குறைவல்ல. 1987 இலிருந்து தமிழும் இந்நாட்டின் அரசகரும மொழி. வாட்டில் தமிழ் தெரிந்த மிஸ்ஸியோ, சிற்றூழியரோ, பக்கத்துக் கட்டில் தாயோ இருந்தால் அழைத்து, மூன்று விடயங்களை அறிந்துகொள்ளுங்கள். ஏன் காத்திருக்கக் கூடாது? கழுத்து பதமாயிருக்கிறதா? இது சரிவராவிட்டால் அடுத்து என்ன, எத்தனை மணித்தியாலம் பார்ப்பீர்கள்? இவற்றைக் கேட்டால் டொக்டர் கோபிப்பார் என்று நினைக்க வேண்டாம். அவசரமில்லாத வேளையில் பெரும்பாலானவர்கள் பொறுமையாகச் சொல்கிறார்கள்.

சிசேரியனுக்குக் கையெழுத்து வாங்கும் வேளையில், "இதோடு பிள்ளை போதும்" என்று குழாயைக் கட்டும் சத்திரசிகிச்சைக்கும் கேட்பதுண்டு. அது வேறு தீர்மானம், வேறு கையெழுத்து. 1980 களில் கருத்தடைச் சத்திரசிகிச்சைக்குப் பணம் கொடுக்கப்பட்டதும், தோட்டப் பெண்கள் பலர் முழு விளக்கமின்றிச் சம்மதித்ததும் நம் மக்கள் மறக்காத விடயங்கள். தேவையென்று தம்பதியர் முன்பே பேசி முடிவெடுத்திருந்தால் சரி. சத்திரசிகிச்சை மேசைக்குப் போகும் வழியில், வலியின் நடுவே அதைத் தீர்மானிக்க வேண்டாம். அதற்கு ஆறு வாரம் கழித்தும் போகலாம்.

அடுத்த கூட்டத்துக்குக் கர்ப்பிணித் தாய்மார் எல்லோரும் பதிவட்டையை எடுத்து வாருங்கள். முன்பு சிசேரியன் நடந்தவர்கள், வைத்தியசாலையிலிருந்து வரும்போது கொடுத்த அட்டையையும் கொண்டு வாருங்கள். ஃபோன் உள்ள பிள்ளைகள் இரண்டையும் படம் எடுத்து, வெளியூரிலுள்ள ஓர் உறவினருக்கும் அனுப்பி வைக்கட்டும். பிரசவத் திகதியோடு ஏழு நாளைக் கூட்டினால் 41 வாரம் முடியும் நாள் வரும். அதைப் பதிவட்டையின் மூலையில் பென்சிலால் எழுதுங்கள். அந்த நாளுக்குள் வலி வராவிட்டால் எந்த வைத்தியசாலைக்கு, எந்த வழியால், யாருடன் போவது என்பதையும் அதன் கீழே எழுதுங்கள். மழைக்காலமானால் கிளினிக்கில் பேசி, முடிந்தவரை முன்கூட்டியே போய்ச் சேருங்கள்.